பிளவுகள் நிறைந்த நிலத்தில் சைஸ்மிக் படத்திலிருந்து பாறை அடுக்குகளை வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்துக்குள் அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளைக் கொண்டு உருவாக்கும் நிலத்தடிப் படம்தான் சைஸ்மிக் படம். அதில் ஓர் எதிரொலியைப் படம் முழுக்கப் பின்தொடர்ந்து குறிப்பதை அடுக்கு பிடிப்பது என்கிறோம். அதற்குப் பழகுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பாறை அடுக்குகள் பாய் விரித்த மாதிரி கிடக்கும் இடத்தில் இந்த வேலை எளிது. பிளவு, அதாவது ஃபால்ட், நடுவே வெட்டி ஒரு பக்கத்தை இறக்கிவிட்ட இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அதனால் கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கின்றன.

சைஸ்மிக் படத்துல தெரியற ஒவ்வொரு கோடும் ஒரு பாறை அடுக்குதானே?

இல்லை. கோடு என்பது இரண்டு அடுக்குகள் சந்திக்கும் எல்லை. பாறையின் அடர்த்தியையும் அதில் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கினால் வருவதை இம்பீடன்ஸ் என்கிறோம். அது எங்கே மாறுகிறதோ அங்கிருந்துதான் அலை திரும்பி வரும். மேல் பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.3 கிராம், வேகம் நொடிக்கு 2500 மீட்டர் என்றால் பெருக்கல் 5750. கீழ்ப் பாறைக்கு 2.4 கிராம், 3000 மீட்டர் என்றால் 7200. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் சுமார் 0.11 வரும். சைஸ்மிக்கில் இது நல்ல பலமான எதிரொலி.

பாறை மாறியும் இம்பீடன்ஸ் மாறாவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. மணற்பாறையும் களிப்பாறையும் குறிப்பிட்ட ஆழத்தில் கிட்டத்தட்ட ஒரே இம்பீடன்ஸுக்கு வந்துவிடுவது உண்டு. மாறாக, மெல்லிய பல படலங்களின் எதிரொலிகள் கலந்து ஒரே கோடாகத் தெரிவதும் உண்டு. கோட்டுக்குப் பாறையின் பெயரைச் சூட்டும் உரிமை கிணற்றுத் தகவலுக்கு மட்டுமே இருக்கிறது.

கீழ்நோக்கிப் போற அச்சுல மீட்டரே இல்லையே, மில்லிசெகண்ட்தானே போட்டிருக்கு?

அலை மேலிருந்து கீழே போய்த் திரும்பி வர எடுத்த மொத்த நேரம் அது. 2000 மில்லிசெகண்ட் என்றால் ஒரு வழிக்கு 1 நொடி. சராசரி வேகம் நொடிக்கு 2500 மீட்டர் என்றால் ஆழம் 2500 மீட்டர். வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால், நேரப் படத்தில் உயரமாகத் தெரிவது ஆழத்திலும் உயரமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இதன் மோசமான விளைவைப் பிளவு நிழல் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

பீக்கைப் பிடிக்கணுமா, ட்ரஃபைப் பிடிக்கணுமா?

பீக் என்பது எதிரொலி அலையின் முகடு, ட்ரஃப் என்பது அதன் பள்ளம். டேட்டாவின் போலாரிட்டி, அதாவது இம்பீடன்ஸ் கூடுவதை இரண்டில் எது காட்டுகிறது என்பது, தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. ஒரு பழக்கத்தில் இம்பீடன்ஸ் கூடும் எல்லை பீக்காக வரும். இன்னொரு பழக்கத்தில் அதே எல்லை ட்ரஃபாக வரும். ப்ராசஸிங் அறிக்கையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கடல் டேட்டா என்றால் கடல் தரையைப் பாருங்கள். நீரிலிருந்து வண்டலுக்குள் போகும்போது இம்பீடன்ஸ் கூடும் என்பது நிச்சயம். அது எந்த நிறத்தில் இருக்கிறதோ அதுவே உங்கள் டேட்டாவில் 'கூடுதல்'. நில டேட்டாவில், கிணற்றில் தெரிந்த தடித்த சுண்ணாம்புப் பாறையின் மேல் எல்லை இதே வேலையைச் செய்யும்.

கிணற்றை சைஸ்மிக்கோட எப்படி டை பண்றது? எவ்வளவு ஒத்துப்போனா போதும்?

டை என்பது கிணற்றில் ஆழத்தில் அளந்ததை சைஸ்மிக்கின் நேரத்தோடு பொருத்துவது. கிணற்றில் ஒலி வேகத்தை அளந்த சோனிக் லாக்கையும் அடர்த்தியை அளந்த டென்சிட்டி லாக்கையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். கிணற்றுச் சுவர் இடிந்து குழிவான இடங்களில் டென்சிட்டி பொய்யாகக் குறைந்து காட்டும். அதை அப்படியே விட்டால் இல்லாத எதிரொலி ஒன்று பிறக்கும். பிறகு செக்‌ஷாட் அளவீட்டை (மேலிருந்து கிணற்றுக்குள் அலை போய்ச் சேரும் நேரம்) வைத்து சோனிக்கின் நேரத்தைச் சரிசெய்து, எதிரொலிப்புத் தொடரைக் கணக்கிட்டு, டேட்டாவிலிருந்தே எடுத்த வேவ்லெட்டோடு, அதாவது அடிப்படை அலைத்துடிப்போடு, சேர்த்து சிந்தெடிக், அதாவது கிணற்றுத் தகவலிலிருந்து கணக்கிட்ட சைஸ்மிக், உருவாக்குங்கள். சாய்ந்த கிணறு என்றால் கிணற்றுப் பாதை நெடுகிலும் சைஸ்மிக்கை எடுத்து ஒப்பிட வேண்டும், கிணற்றின் வாயிலிருந்து நேர் கீழாக அல்ல.

முழுவதையும் சில மில்லிசெகண்ட் மேலோ கீழோ நகர்த்துவது வழக்கம்தான். ஆனால் இழுத்தும் சுருக்கியும் பொருத்த ஆரம்பித்தால், ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியின் வேகம் என்னவாகிறது என்று பாருங்கள். களிப்பாறைக்கு நொடிக்கு 5000 மீட்டர் வந்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போவதைக் காட்டும் ஒட்டுறவு எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த டை தவறு.

கிணறு பிளவை வெட்டிச் செல்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். சாய்ந்த பிளவுத் தளத்தின் மேலுள்ள பக்கம் கீழே இறங்கிய சாதாரணப் பிளவை வெட்டினால் பக்கத்துக் கிணற்றில் இருக்கும் ஒரு பகுதி இந்தக் கிணற்றில் காணாமல் போயிருக்கும். அந்தப் பக்கம் மேலே ஏறிய ரிவர்ஸ் பிளவை வெட்டினால் ஒரே பகுதி இரண்டு முறை வரும். காணாமல் போன 60 மீட்டர், அந்த இடத்தில் பிளவு எவ்வளவு இறக்கியிருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி. படத்தில் நீங்கள் வரைந்த பிளவு 15 மீட்டர்தான் காட்டுகிறது என்றால் வரைந்ததை மாற்றுங்கள்.

முதல்ல பிளவை வரையணுமா, முதல்ல அடுக்கைப் பிடிக்கணுமா?

பெரிய பிளவுகள் முதலில், அதுவும் தோராயமாக. ஒரு டைம் ஸ்லைஸை, அதாவது ஒரே நேரத்தில் கிடையாக வெட்டிய படத்தை, திறந்து பிளவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து, அதற்குச் செங்குத்தாகச் செல்லும் சர்வே கோடுகளைத் தேர்ந்தெடுங்கள். இங்கே கோடு என்பது எதிரொலிக் கோடு அல்ல, சர்வே கோட்டின் நெடுகே மேலிருந்து கீழாக வெட்டிய படம். பிளவின் போக்கிலேயே செல்லும் கோட்டில் அதே பிளவு மங்கலாக, கிடையாக, சில சமயம் ஒரு அடுக்கு போலவே தெரிந்து ஏமாற்றும். 32 கோட்டுக்கு ஒன்று என்று ஆரம்பித்து, பிறகு 16, 8 என்று நெருக்குங்கள். அடுத்து, பிளவுகள் குறைவான அமைதியான பகுதியில் அடுக்கைப் பிடித்து, அங்கிருந்து பிளவுகளை நோக்கி வாருங்கள். சின்னப் பிளவுகள் கடைசியில். அடுக்கு ஓரளவு சரியாக வந்த பிறகு அவை தாமாகவே கண்ணில் படும்.

ஒவ்வொரு பிளவுக்கும் தனிப் பெயர், தனி நிறம் கொடுங்கள். எது எதோடு சேரும் என்று தெரியாத பிளவுத் துண்டுகளைப் பெயரிடாமல் வைத்திருப்பது தவறில்லை. அவசரப்பட்டு இணைத்ததைப் பின்னால் பிரிப்பதுதான் கடினம்.

கோடு எங்கெல்லாம் அறுந்திருக்கோ அங்கெல்லாம் பிளவுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. உண்மையான பிளவு பல அடுக்குகளை ஒரே ஒழுங்கில் நகர்த்தியிருக்கும், பக்கத்து சர்வே கோடுகளிலும் தொடரும், எங்கோ ஓரிடத்தில் மெல்லக் குறைந்து முடியும். ஒரே ஒரு சர்வே கோட்டில் மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மேலிருந்து கீழ் வரை நூல் பிடித்த மாதிரி செங்குத்தாக, எல்லா அடுக்கிலும் ஒரே மில்லிசெகண்ட் அளவு நகர்வு இருந்தால் அது பெரும்பாலும் நிலமேற்பரப்புத் திருத்தத்தில், அதாவது ஸ்டாடிக்ஸில், வந்த பிழை.

திரையில் பிளவின் சாய்வைப் பார்த்து ஏமாறாதீர்கள். செங்குத்து அளவை 3 மடங்கு பெருக்கி வைத்தால் 60 பாகைப் பிளவு 79 பாகையாகத் தெரியும். தினமும் ஒரு முறையாவது படத்தை 1:1 அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அதுவரை நம்பிக்கையோடு வரைந்த சில பிளவுகள் நிலத்தில் இருக்கவே முடியாதவை என்பது அப்போதுதான் தெரியவரும்.

பிளவுக்கு அந்தப் பக்கம் அதே அடுக்கு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாக் கோடும் ஒண்ணு போலவே இருக்கே.

தனிக் கோட்டைத் தேடினால் கிடைக்காது. கட்டாகத் தேட வேண்டும். உதாரணமாக, இந்தப் பக்கம் தண்டவாளம் மாதிரி இரண்டு பலமான பீக்குகள் 40 மில்லிசெகண்ட் இடைவெளியில் போகின்றன. அவற்றுக்குக் கீழே 120 மில்லிசெகண்ட் அளவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத மங்கல் பகுதி. அதன் அடியில் சாய்வான கோடுகளை வெட்டிச் செல்லும் ஓர் அரிப்புத் தளம். இந்த மூன்றும் இதே வரிசையில் பிளவுக்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தண்டவாளம் மட்டும் பொருந்தினால் போதாது, அடியில் உள்ள மங்கலும் அரிப்புத் தளமும் பொருந்த வேண்டும். மென்பொருளில் ஒரு பக்கத்துப் படத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, பிளவைத் தாண்டி மேலும் கீழும் நகர்த்திப் பொருத்தும் வசதி இருக்கும். இல்லாவிட்டால் படத்தை அச்செடுத்துக் கத்தரித்து நகர்த்துங்கள், அதே பலன்தான்.

இரண்டாவது வழி இன்னும் நம்பகமானது: பிளவைத் தாண்டவே தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். எந்தப் பிளவும் ஒரு முனையில் முடியும். அந்த முனைக்கு அப்பால் அடுக்கு அறுபடாமல் இருக்கும். அதன் வழியாக நடந்து மறுபக்கம் வந்து, வலம் வருவது போல ஒரு முழுச் சுற்று போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருங்கள். அதே பீக்கில் வந்து நின்றால் இணைப்பு சரி. வேறு பீக்கில் வந்து நின்றால் வழியில் எங்கோ தவறியிருக்கிறீர்கள். இரண்டு பிளவுகள் ஒன்றையொன்று தாண்டி முடியும் இடத்தில் நடுவே சாய்வுப் பாலம் போல அடுக்கு இறங்கும். ரிலே ராம்ப் எனப்படும் அது கிடைத்தால் விடாதீர்கள்.

மிகச் சாதாரணமான தவறு, சரியான பீக்குக்கு அடுத்த பீக்கைப் பிடிப்பது. 30 ஹெர்ட்ஸ் டேட்டாவில் ஒரு சுழற்சி 33 மில்லிசெகண்ட். நொடிக்கு 3000 மீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர். ஒரு பீக் தள்ளிப் பிடித்தால் அந்த பிளாக், அதாவது பிளவுகளுக்கு இடைப்பட்ட துண்டு, முழுக்க 50 மீட்டர் தவறிவிடும்.

ரெண்டு பக்கமும் தடிமனே ஒத்துவரலையே. அப்ப தப்பா இணைச்சிட்டேனா?

தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டல் படிந்துகொண்டிருக்கும் போதே நகர்ந்த பிளவு என்றால் இறங்கிய பக்கம் தடித்துப் படியும். நைஜர் டெல்டாவிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் இத்தகைய வளர்ச்சிப் பிளவுகள் ஏராளம். ஒவ்வொரு இடைவெளிக்கும் இறங்கிய பக்கத் தடிமனை மற்ற பக்கத் தடிமனால் வகுத்து எழுதிப் பாருங்கள். 1.0, 1.1, 1.6, 1.3, 1.0 என்று ஏறி இறங்கினால் பிளவு ஒரு காலத்தில் வேகமாக நகர்ந்து பிறகு ஓய்ந்திருக்கிறது. அது நம்பத் தகுந்த வரலாறு. 1.0, 1.8, 0.6, 1.5 என்று தாவினால் இடையில் உள்ள ஏதோ ஓர் அடுக்கைத் தவறாக இணைத்திருக்கிறீர்கள். அந்த ஓர் அடுக்கை ஒரு பீக் நகர்த்தினாலே பெரும்பாலும் எண்கள் ஒழுங்குக்கு வந்துவிடும்.

இரண்டு பக்கமும் எதுவுமே பொருந்தவில்லை, ஒரே பிளவு ஓரிடத்தில் கிழக்கே இறக்கியும் சற்றுத் தள்ளி மேற்கே இறக்கியும் காட்டுகிறது என்றால், அது பக்கவாட்டில் நகர்ந்த பிளவாக இருக்கலாம். தொலைவில் படிந்த வேறு வண்டல் நகர்ந்து வந்து எதிரே நிற்கும்போது கட்டு ஒப்பீடு உதவாது. அங்கே கிணறோ, முனையைச் சுற்றும் வழியோதான் துணை.

ஆட்டோ டிராக்கர் போட்டா அதுவே பிடிச்சிட்டுப் போயிடாதா?

கொடுத்த புள்ளியிலிருந்து அடுக்கைத் தானாகப் பின்தொடரும் இந்த மென்பொருள் வசதி ஒரு பிளாக்குக்குள் நன்றாகவே பிடிக்கும். பிளவைத் தாண்ட விட்டால் பக்கத்தில் எந்தப் பீக் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு தயங்காமல் ஓடும். எனவே ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனி விதைப் புள்ளிகள் கொடுத்து, பிளவுகளைத் தடுப்புச் சுவராக வைத்து ஓட விடுங்கள். தேடும் ஜன்னல் அரைச் சுழற்சிக்குள் இருக்க வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்கு மேலே கீழே 16 மில்லிசெகண்டைத் தாண்டவே கூடாது, 8 வைத்தால் நல்லது. முடிந்ததும் மேப்பை நிறத்தில் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே 33 மில்லிசெகண்ட் படியாக, ஒன்றுக்கொன்று குறுக்கே செல்லும் இன்லைன் அல்லது கிராஸ்லைன் எனும் சர்வே கோடுகளின் திசையிலேயே ஓடும் எல்லை தெரிந்தால், அது டிராக்கர் பீக் தாவிய இடம்.

கோஹிரன்ஸ் க்யூப், ஏ.ஐ. எல்லாம் வந்தாச்சே. இன்னும் பிளவைக் கையால வரையணுமா?

கோஹிரன்ஸ் 1995-இல் அறிமுகமானதிலிருந்து பிளவுகளின் மொத்த வலைப்பின்னலை மேலிருந்து ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. அதைப் பயன்படுத்தாமல் வேலை செய்வது வீண் சிரமம். பக்கத்துப் பக்கத்து அலைவடிவங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே அது அளக்கிறது. எனவே பிளவின் நகர்வு சரியாக ஒரு சுழற்சி அளவுக்கு வந்தால் பீக்குக்கு எதிரே இன்னொரு பீக் வந்து நிற்கும். கோஹிரன்ஸ் அங்கே பிளவே இல்லை என்று சொல்லும். பழைய ஆற்றுத் தடத்தின் கரையையும், டேட்டா எடுத்த ஷாட் வரிசைகளின் தடத்தையும் பிளவு மாதிரியே காட்டும்.

செயற்கைப் படங்களில் பயிற்சி பெற்ற நரம்பு வலைப்பின்னல் மென்பொருள்கள் இரைச்சலைக் கோஹிரன்ஸை விட நன்றாகத் தாங்குகின்றன. இவை எல்லாமே 'இங்கே உடைந்திருக்கிறது' என்று சொல்லுமே தவிர, அந்தப் பக்கம் எது எதோடு சேரும் என்று சொல்லாது. முன்பு பார்த்த கட்டு ஒப்பீடும் சுற்றி வருதலும் உங்கள் வேலையாகவே இருக்கின்றன.

எவ்வளவு சின்னப் பிளவு வரைக்கும் படத்துல தெரியும்?

அலைநீளத்தில் கால் பங்கு என்பது நடைமுறை அளவு. நொடிக்கு 3000 மீட்டர், 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர், கால் பங்கு 25 மீட்டர். ஆழத்தில் வேகம் 4000 ஆகி அதிர்வெண் 20-க்கு இறங்கினால் அதுவே 50 மீட்டர். இந்த அளவைவிடச் சிறிய பிளவு கோட்டை அறுக்காது. சின்ன வளைவாகவோ பலம் மங்கிய இடமாகவோ தெரியும். டேட்டா நன்றாக இருந்தால் கோஹிரன்ஸும், அடுக்கின் வளைவை அளக்கும் கர்வேச்சரும் இந்த வளைவைப் பிடித்துக்கொடுக்கும், ஆனால் எத்தனை மீட்டர் என்று அளக்க முடியாது. படத்தில் தெரியவில்லை என்பதால் பிளவே இல்லை என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

பிளவுக்கு அடியில அடுக்கு தொங்குது, உடையுது. நிஜமாவே அப்படியா?

பல நேரம் இல்லை. இதுதான் பிளவு நிழல். பிளவுக்கு மேற்பக்கம் இளைய, மெதுவான வண்டல். கீழ்ப்பக்கம் பழைய, வேகமான பாறை. பிளவுத் தளம் சாய்வாக இருப்பதால் அதன் அடியில் ஒவ்வோர் இடத்துக்கும் அலை கடக்கும் மெதுவான பாறையின் அளவு வேறு. நேராகக் கிடக்கும் அடுக்குகூட நேரப் படத்தில் தொங்கித் தெரியும், சிறு பிளவுகளால் சிதறியதைப் போலவும் தெரியும்.

அடையாளம் காண ஒரு வழி: அந்த வளைவு ஆழத்தோடு பிளவுத் தளத்தின் அடியிலேயே சாய்ந்து நகர்கிறதா, அல்லது ஒரே அடுக்கின் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிளவோடு கூடவே நகர்ந்தால் நிழல். பதிவுகளை ஒன்றாகக் கூட்டும் ஸ்டாக்குக்கு முன்பே எதிரொலிகளைச் சரியான ஆழத்துக்கு நகர்த்தும் ஆழ மைக்ரேஷனில், வேக மாதிரிக்குள் பிளவையும் சேர்த்துச் செய்தால் பெரும்பாலும் நேராகிவிடும். அந்த டேட்டா கிடைக்காதபோது, நிழலுக்குள் விழும் சின்னப் பிளவுகளைத் தனி நிறத்தில் 'சந்தேகம்' என்று குறித்து வையுங்கள். பிளவை ஒட்டிய அழகான மேடு ஒன்றை நம்பிக் கிணறு தோண்டுமுன் இந்தச் சோதனை அவசியம்.

எங்ககிட்ட டூ டி கோடுகள் மட்டும்தான் இருக்கு. அதை வச்சு பிளவு மேப் போடலாமா?

போடலாம், ஆனால் கோட்டுக்குக் கோடு 2 கிலோமீட்டர் இடைவெளி இருக்கும்போது எந்தப் பிளவை எதோடு சேர்ப்பது என்பது ஊகம்தான். சாயும் திசை, இறக்கிய அளவு, எந்த அடுக்கு வரை வெட்டியது, எந்தக் காலத்தில் வளர்ந்தது ஆகிய நான்கும் ஒத்தால் மட்டுமே இணையுங்கள். இறக்கிய அளவு ஒரு கோட்டில் 200 மீட்டர், அடுத்ததில் 20 மீட்டர் என்றால் அவை வேறு வேறு பிளவுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குறுக்கே வெட்டும் கோடுகளில் ஒரே அடுக்கு வேறு நேரத்தில் வந்தால், சரிவின் திசையில் போகும் கோட்டை நம்புங்கள். டூ டி மைக்ரேஷன் அந்தக் கோட்டில் மட்டுமே அடுக்கைச் சரியான இடத்துக்கு நகர்த்தும். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் சரியான கோடும் கெட்டுவிடும்.

மேப்ல பிளவு இருக்கற இடத்துல என்ன காட்டணும்?

சாதாரணப் பிளவில் அடுக்கு இரண்டு பக்கமும் விலகியிருப்பதால் நடுவே வெற்றிடம் வரும். அதற்கு பாலிகன், அதாவது மூடிய எல்லைக்கோடு, வரைந்து, சம ஆழத்தைக் காட்டும் காண்டூர் கோடுகள் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். பாலிகனின் அகலத்தைக் கணக்கோடு ஒப்பிடுங்கள்: 100 மீட்டர் இறக்கம், 60 பாகைச் சாய்வு என்றால் அகலம் சுமார் 58 மீட்டர். 25 மீட்டர் 'பின்' (டேட்டாவின் ஒரு கட்டம்) உள்ள டேட்டாவில் அது இரண்டு பின்னுக்குச் சற்று அதிகம். நீங்கள் வரைந்தது 300 மீட்டர் அகலம் என்றால், பிளவுக்கு அருகே அடுக்கைப் பிடிக்காமல் சீக்கிரமே நிறுத்திவிட்டீர்கள்.

ரிவர்ஸ் பிளவில் இதற்கு நேர்மாறு. ஒரே புள்ளியில் ஒரே அடுக்கு இரண்டு ஆழத்தில் இருக்கும். பல மென்பொருள்களில் ஒரு ஹொரைசன், அதாவது பிடித்த அடுக்குத் தளம், ஒரு புள்ளிக்கு ஒரு மதிப்பைத்தான் வைத்துக்கொள்ளும். எனவே மேல் தகட்டுக்கு ஒன்று, கீழ்த் தகட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி ஹொரைசன்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வரைஞ்சாச்சு. சரியான்னு எப்படிச் சோதிக்கிறது?

ஒவ்வொரு பெரிய பிளவுக்கும் அதன் நீளம் நெடுகிலும் இறக்கிய அளவை ஒரு வரைபடமாகப் போடுங்கள். நடுவில் அதிகமாகி இரண்டு முனைகளிலும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். நடுவே மெதுவாகக் குறைந்து மீண்டும் ஏறினால், இரண்டு பிளவுகள் வளர்ந்து ஒன்றாகச் சேர்ந்த இடமாக இருக்கலாம். சட்டென்று 50 மீட்டர் குதித்தால், முன்பு சொன்ன ஒரு பீக் தவறுதான் முதல் சந்தேகம். பிறகு பிளவுகளின் நகர்வைப் பின்னோக்கி எடுத்து அடுக்குகளை ஒட்டவைத்துப் பாருங்கள். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலோ, விளக்க முடியாத ஓட்டை விழுந்தாலோ வரைந்ததில் பிழை உண்டு.

உங்கள் படத்தை இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் கோடுகளைக் காட்டாமல் வரையச் சொல்லுங்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே செயற்கை சைஸ்மிக் படத்துக்கு 412 பேரின் விளக்கங்களைத் திரட்டினார்கள். அந்த நிலத்தின் உருவாக்க வகையைச் சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம் மட்டுமே. தாம் பழகிய நிலத்தின் அமைப்பையே பலரும் படத்தில் கண்டார்கள். இருவர் வரைந்ததும் வேறுபடும் இடங்களை அழித்து ஒன்றாக்காதீர்கள். இரண்டையும் மாற்று விளக்கங்களாகவே மேப்போடு சேர்த்துக் கொடுங்கள்.

பழகிப் பார்க்க டேட்டா எங்கே கிடைக்கும்?

வட கடலின் நெதர்லாந்துப் பகுதியில் எடுத்த எஃப்3 பிளாக்கின் த்ரீ டி டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. ஓப்பன் டெக்ட் என்ற இலவச மென்பொருளில் நேரடியாகத் திறக்கலாம். மேலே டெல்டா படிவுகளின் சாய்ந்த அடுக்குகள், கீழே உப்பு எழுந்து உடைத்த பகுதிகள் என இரண்டு வகைச் சிக்கலும் ஒரே இடத்தில் உண்டு. ஆழத்தில் தொடர்ச்சியான ஒரு பீக்கைத் தேர்ந்தெடுத்து, 20 கோட்டுக்கு ஒன்றாகக் கையால் பிடித்து, ஒரு பிளவின் முனையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று போடுங்கள். அது மூடிய பிறகு ஆட்டோ டிராக்கரை அதே பகுதியில் ஓட விட்டு, இரண்டு மேப்களையும் கழித்துப் பாருங்கள்.